இழுத்தா பிய்யணும், ஏன் இறுகுது?

கேள்வி: செல்லுக்குள்ள மயோசின்னு ஒரு மோட்டார் புரோட்டீன், செல்லுக்கு எலும்புக்கூடு மாதிரி இருக்கிற ஆக்டின் இழைகளைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்குமாம். அப்படி இழுத்தா செல் ஒட்டியிருக்கிற இடம் பிச்சுக்கிட்டு வரணும்தானே சார்? ஆனா மயோசினை நிறுத்தினாதான் பிடிப்பு போயிடுதுன்னு புக்ல போட்டிருக்கே?

பதில்: புக் சரிதான், ஆனா நடுவுல நிக்கிற டாலின்ங்கிற புரோட்டீனை ஒரு குச்சி மாதிரி வரைஞ்சு விட்டுடுறாங்க பாருங்க, குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது. செல்லோட சவ்வுல இன்டெக்ரின்னு ஒரு புரோட்டீன் இருக்கு, அது செல்லுக்கு வெளியில இருக்கிற ஃபைப்ரோனெக்டின் மாதிரி ஏதாவது ஒரு புரோட்டீனைப் பிடிச்சுக்கும், ஆனா உள்ள இருக்கிற ஆக்டினை அது நேரா பிடிக்கிறதில்ல, அதுக்கு ஒரு இடையாள் வேணும், அதான் டாலின். தலைப்பக்கம் இன்டெக்ரினோட வாலைப் பிடிச்சுக்கும், நீளமான உடம்புப் பக்கம் ஆக்டினைப் பிடிச்சுக்கும்.

அந்த உடம்பு நேரான கம்பி கிடையாது. 13 சுருள் கட்டுகள் வரிசையா கோத்து வச்சிருக்கு, வின்குலின்னு இன்னொரு புரோட்டீன் வந்து ஒட்டவேண்டிய 11 இடங்கள் இதுக்குள்ளதான் மறைஞ்சு கிடக்கு. சும்மா இருக்கும்போது வின்குலின் பக்கத்துலயே சுத்தினாலும் அதால உள்ள நுழைய முடியாது. மயோசின் ஆக்டினை இழுக்கும்போது டாலின் விறைக்குது, 5 பிகோநியூட்டன் வாக்குல முதல் கட்டு அவிழுது (ஒரு நியூட்டனை லட்சம் கோடி பங்கா போட்டு அதுல 5 பங்கு, அவ்ளோதான்). ஒரு மயோசின் தலை இழுக்கிறதே சில பிகோநியூட்டன்தான், ரெண்டும் என்னமா பொருந்துது பாருங்க! கட்டு அவிழ்ந்ததும் வின்குலின் உள்ள புகுந்து ஒட்டிக்கும், கட்டு திரும்ப மடங்காம பார்த்துக்கும், தன்னோட வாலால இன்னொரு ஆக்டின் இழையையும் பிடிச்சுக்கும். ஆக இழுக்க இழுக்க பிடிக்கிற கை கூடுது. 2009ல ஒத்த டாலின் துண்டைக் காந்தத்தால இழுத்துப் பார்த்தாங்க, இழுத்தப்போ வின்குலின் கூடுதலா வந்து ஒட்டுச்சு.

இப்ப உங்க கேள்விக்கு வருவோம். பிளெபிஸ்டாடின்ங்கிற வேதிப்பொருளைப் போட்டு மயோசினை நிறுத்துனா பெரிய பிடிப்புகள் கொஞ்ச நேரத்துல கலைஞ்சுடும், ஓரத்துல பொடிப்பொடியா புதுசா முளைச்சது மட்டும் மிஞ்சும். வின்குலினுக்கும் ஆக்டினுக்கும் நடுவுல இருக்கிற பிணைப்பும் அளவோட இழுத்தா கூடுதல் நேரம் நிக்கிற ரகம்தான், அதுவும் இழுக்கிற திசையைப் பொறுத்து. ரொம்ப இழுத்தா அதுவும் விட்டுடும், அதனால நீங்க பயந்தது முழுக்க தப்பில்ல.

செல்லும் செல்லும் ஒட்டுற இடத்துலயும் இதே வித்தைதான், அங்க இன்டெக்ரினுக்குப் பதில் கேடரின், டாலினுக்குப் பதில் ஆல்ஃபா கேட்டனின், இழுத்தா அதுவும் திறந்து அதே வின்குலினைத்தான் கூப்பிடும்.

கேள்வி: அப்போ இன்னொரு மோட்டார் புரோட்டீனான கைனசினுக்கு இதுல வேலையே இல்லையா?

பதில்: இருக்கு, ஆனா எதிர்ப்பக்கம். அது நடக்கிறது செல்லுக்குள்ள குழாய் மாதிரி ஓடுற மைக்ரோட்யூபூல் மேல, அந்த மைக்ரோட்யூபூல்கள் பிடிப்பு இருக்கிற இடத்தைத் தேடி வந்து தொட்டா பிடிப்பு தளரும். கைனசினைத் தடுத்தா பிடிப்புகள் கலையாம பெருசாகிட்டே போகுதுன்னு பார்த்திருக்காங்க, நகர வேண்டிய செல்லுக்கு அது பெரிய தொல்லை, முன்னாடி ஒட்டினா மட்டும் போதாது, பின்னாடி விடவும் வேணுமே.