‘சரக்கு எடு’ என்றால் என்ன?

கேள்வி: புறக்கோட்டையில் எங்கள் துணிக்கடை மென்பொருளை ஒரு ஏஐ முகவரோடு (கேட்டதைப் புரிந்துகொண்டு, மென்பொருளின் வேலைகளைத் தானே செய்யும் செயலி) இணைத்தேன். ‘கையிருப்பு எவ்வளவு?’ என்று கேட்டால் சிலவேளை சரக்கையே கழித்துவிடுகிறது. அது அழைக்கும் கருவியின் (மென்பொருளில் ஒரு வேலையைச் செய்யும் நிரல்) பெயர் ‘சரக்கு எடு’. விளக்கம் ‘சரக்கை எடுக்கும்’. முகவரை இயக்கும் ஏஐ மொடல் சரியில்லையா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: மொடலைத் திட்டாதீர்கள், தங்கச்சி. உங்கள் கடைப் பையன்களிடமே ‘சரக்கு எடு’ என்று சொல்லிப் பாருங்கள். ஒருவன் றாக்கையிலிருந்து இறக்குவான், இன்னொருவன் மொத்தக் கடைக்கு ஓடர் கொடுப்பான். முகவருக்குப் பொதுவாக உங்கள் நிரல் தெரியாது. பெயர், விளக்கம், உள்ளீடுகள், இவ்வளவுதான் கண்ணில் படும். 2024 நவம்பரில் அந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையிலும் (ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது முறை) இதே கதைதான்.

இரண்டாகப் பிரியுங்கள்: ‘கையிருப்பைப் பார்’, ‘கையிருப்பைக் கழி’. இரண்டாவதில், ‘இது பதிவை மாற்றும். விற்பனைச் சிட்டை இலக்கம் இல்லாமல் அழைக்காதே. அளவை அறிய மட்டும் என்றால் மற்றக் கருவி’ என்று எழுதுங்கள். அளவு மீட்டரிலா, கெஜத்திலா? அதையும் சொல்லுங்கள். திகதியை ‘03/04’ என்று விட்டு, ஏப்ரல் 3 டெலிவரியை மார்ச் 4 ஆக்கிய ஆள் நான். இப்போது ‘2025-04-03 போல’ என்று உதாரணமே வைத்துவிடுகிறேன்.

கருவி ‘பிழை 7’ என்று மட்டும் திருப்பி அனுப்பினால் முகவர் என்ன செய்யும், பாவம்? ‘சிட்டை இலக்கம் இல்லை, பயனரிடம் கேள்’ என்று அனுப்புங்கள்.

அப்புறம், விளக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். சிட்டை இலக்கம் இல்லாவிட்டால் நிரலே கழிக்க மறுக்கட்டும்.