உப்புக் கணக்கைக் கேளுங்கள்

கேள்வி: திருப்பூரில் சிறிய அளவில் பனியன் ஏற்றுமதி செய்கிறேன். சுற்றுச்சூழல் விதிகளை மதிக்கும் சாயப்பட்டறையில்தான் சாயமேற்ற வேண்டும் என்று ஜெர்மனி பையர் நிபந்தனை வைத்துள்ளார். மூன்று பட்டறைகள் சான்றிதழ் அனுப்பியுள்ளன. அவற்றில் ஒன்றின் கூலி மற்ற இரண்டையும்விட வெகுவாகக் குறைவு. எதைத் தேர்வு செய்வது?

பதில்: ஒவ்வொரு சான்றிதழும் எதற்குச் சான்று என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்பது துணியில் உடலுக்குத் தீங்கான வேதிப்பொருள்கள் வரம்புக்குள் இருப்பதைச் சொல்கிறதே தவிர, அந்தத் துணியை அலசிய தண்ணீர் எங்கே போனது என்பதைச் சொல்வதில்லை. இயற்கை வேளாண் இழைத் துணிகளுக்கான ஜி.ஓ.டி.எஸ். தரச்சான்று கழிவுநீரையும் கணக்கில் கொள்ளும்; ஆனால் எந்தெந்தப் பணிக்குச் சான்று என்பதைச் சொல்லும் அதன் ஸ்கோப் சான்றிதழில் சாயமேற்றும் பணி அதே பட்டறையின் பெயரில், அதே முகவரியில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை நடப்பில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

காகிதம் இவ்வளவுதான். நான் அதிகம் நம்புவது உப்பை. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற, கறுப்பு, நேவி போன்ற அடர் நிறங்களுக்கு லிட்டருக்குச் சுமார் 80 கிராம் உப்பு தேவைப்படும். ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் எடுக்கும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் அது 480 கிராம். 10 லிட்டர் எடுக்கும் பழைய இயந்திரத்தில் 800 கிராம். உப்பு துணியில் தங்குவதில்லை, ஆவியாகிப் போவதுமில்லை. அது நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கு உதவாமல் ஆக்கியதும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டதும் நீங்கள் அறிந்தவையே.

எனவே, பட்டறை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் உறுப்பினராக இருந்தால், கடந்த 3 மாதங்களில் அனுப்பிய கழிவுநீர், திரும்பப் பெற்ற தண்ணீர், உப்புக் கரைசல் ஆகியவற்றின் மீட்டர் கணக்கையும், அதே மாதங்களில் சாயமேற்றிய துணியின் எடையையும் உப்பு வாங்கிய பில்களையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த எடைக்குத் தேவையான உப்பு இந்தக் கணக்கில் தெரிய வேண்டும். சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் என்றால், கழிவுநீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கும் ஆவியாக்கி ஓடிய பதிவேட்டைப் பாருங்கள்; கசடும், மறுபடி பயன்படாத கலவை உப்பும் மூட்டைகளாகக் கொட்டகையில் இருக்க வேண்டும், அல்லது அவை வெளியே சென்றதற்கு ரசீது இருக்க வேண்டும். மாதக்கணக்கில் கறுப்புத் துணி ஓட்டும் பட்டறையில் கொட்டகை துடைத்தாற்போல் கிடந்து, ரசீதும் இல்லையென்றால், அந்தச் சுத்தம் எனக்குச் சந்தேகத்தையே தரும்.

கூலி குறைவாக இருப்பதற்கு, புதிய இயந்திரத்தால் தண்ணீரும் உப்பும் மிச்சமாவது நியாயமான காரணமாக இருக்கலாம். ஆவியாக்கியின் எரிபொருள் செலவைத் தவிர்ப்பதும் காரணமாக இருக்கலாம். மேற்சொன்ன கணக்கு இரண்டில் எது என்பதைக் காட்டிவிடும்.

இன்னொன்று: சீசன் நெருக்கடியில் உங்கள் துணி வேறு பட்டறைக்குத் துணை ஒப்பந்த வேலையாகப் போய்விடக்கூடும். எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வெளியே கொடுக்கக் கூடாது என்று ஜாப் ஒர்க் ஆர்டரிலேயே எழுதுங்கள். துணி இயந்திரத்தில் இருக்கும் நாளில், முன்னறிவிப்பின்றிப் போய், அது உங்கள் துணிதானா என்று காட்டும் லாட் கார்டைப் பாருங்கள்.