பூட்டிக் கிடக்கும் ஸ்பின்னிங் மில்லைக் கல்யாண மண்டபமாக மாற்றலாமா?

கேள்வி: பல்லடம் அருகே எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான ஸ்பின்னிங் மில் பன்னிரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஷெட் 200 அடி நீளம், 65 அடி அகலம். நார்த் லைட் கூரை (ரம்பப் பல் வடிவம், ஒவ்வொரு பல்லிலும் வடக்குப் பார்த்த கண்ணாடி), ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், நீளவாக்கில் இரண்டு வரிசைத் தூண்கள். 600 பேர் உட்காரும் மண்டபமாக மாற்ற நினைக்கிறோம். தூண்களை எடுத்துவிட்டு, ஃபால்ஸ் சீலிங் அடித்து ஏசி போட்டால் வேலை முடிந்தது என்கிறார் கான்ட்ராக்டர். சரிதானா?

பதில்: தூண்களைத் தொடாதீர்கள். ஃபால்ஸ் சீலிங்கும் வேண்டாம். உங்களிடம் இருக்கும் பெரிய சொத்தே அந்தக் கூரைதான். அதை மறைப்பதற்குப் போகும் பணத்தில் அதைச் சரிசெய்துவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் முடிக்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன.

முதலாவது காகித வேலை. மில் நிலம் தொழிற்சாலைப் பயன்பாட்டில் பதிவாகியிருக்கும். மண்டபம் நடத்த நகர் ஊரமைப்புத் துறையில் நிலப் பயன்பாட்டு மாற்றமும் திட்ட அனுமதியும் வாங்க வேண்டும். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, கட்டட உறுதிச் சான்று, பொதுக் கட்டட உரிமச் சட்டம் 1965-இன்படி வட்டாட்சியர் தரும் உரிமம் எல்லாம் அதன் பிறகு. நிலப் பயன்பாடு மாறாமல் உள்ளே ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். பல இடங்களில் வேலை பாதியில் நிற்பது இதனால்தான்.

இரண்டாவது பஞ்சுத் தூசி. எத்தனை வருடம் பூட்டிக் கிடந்தாலும் டிரஸ்ஸின் (கூரையைத் தாங்கும் சட்டம்) மேல்விளிம்பிலும் பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மடிப்பிலும் டக்டுக்குள்ளும் (காற்றுக் குழாய்) அது விரல்கடை கனத்துக்குப் படிந்தே இருக்கும். வெல்டிங் பொறி ஒன்று விழுந்தால் கூரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தீ ஓடிவிடும். கம்ப்ரஸர் காற்று அடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். தூசி காற்றில் கலந்து ஆபத்து கூடும். தொழிற்சாலை வாக்குவம் கொண்டு மேலிருந்து கீழாக உறிஞ்சி எடுக்க வேண்டும். அது முடிந்த பிறகே கட்டிங், வெல்டிங். வெல்டிங் முடிந்து ஒரு மணி நேரம் வரை தீயணைப்பானுடன் ஓர் ஆள் அங்கேயே நிற்கட்டும்.

இனி தூண்கள். ஒரு தூணை எடுத்தால் அதன் மேலுள்ள பீம் இரண்டு மடங்கு தூரத்தைத் தாங்க வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் வளைவு விசை நான்கு மடங்கு, தொய்வு பதினாறு மடங்கு. பழைய பீம் அதற்காகப் போட்டது அல்ல. மேடையை 65 அடிச் சுவர்ப் பக்கம் வையுங்கள். தூண் வரிசைகள் பார்வையோடு சேர்ந்தே ஓடுவதால் நடுப் பகுதி முழுக்கத் திறந்திருக்கும். ஓரப் பகுதிகளில் தூண் மறைக்கும் இருக்கைகளுக்கு மேடையைக் காட்டும் இரண்டு வீடியோ திரைகள் போதும். எல்இடி சுவர், சரவிளக்கு, பூ அலங்காரச் சட்டம் எதையும் டிரஸ்ஸில் தொங்கவிடாதீர்கள். அது ஷீட்டையும் காற்றையும் தாங்கக் கட்டியது. அலங்காரத்துக்குத் தரையில் நிற்கும் சட்டம் தனியாக வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் டிரில் போடுவதோ, அறுப்பதோ, உடைத்துக் கீழே தள்ளுவதோ கூடாது. அதன் இழை நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். ஷீட்டை நனைத்து, போல்ட்டைக் கையால் கழற்றி, முழுசாக இறக்கி, இரட்டை பாலித்தீனில் சுற்றி, மாசு கட்டுப்பாட்டு வாரியம் அங்கீகரித்த அபாயக் கழிவு நிலையத்திடம் ஒப்படைக்க வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு இதற்குப் பயன்படாது, நுண்துகளைத் தடுக்கும் பி100 வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். அன்றைக்கே உயிரைப் பறிக்கும் ஆபத்து இன்னொன்று: பழைய ஷீட் ஆள் எடையைத் தாங்காது. கீழே வலை கட்டி, மேலே பர்லினிலிருந்து பர்லினுக்குப் பலகை போட்டுத்தான் ஆட்கள் நடக்க வேண்டும்.

புதிய கூரைக்கு 50 மி.மீ. ராக்வூல் சாண்ட்விச் பேனல் (இரு தகடுகளுக்கு நடுவே கல் இழை வைத்தது) கேளுங்கள், உட்பக்கத் தகடு துளையிட்டதாக இருக்கட்டும். எடை பழைய ஷீட்டுக்கு ஏறக்குறைய சமம். நடுவே பாலியூரித்தேன் நுரை வைத்த பியூஎஃப் பேனல் மலிவுதான், ஆனால் எரியும், கரும்புகை கக்கும். ஆட்கள் கூடும் இடத்துக்கு அது வேண்டாம்.

துளையிட்ட தகடு எதற்கு என்றால், எதிரொலிக்காக. சிமென்ட் தரை, செங்கல் சுவர், ஷீட் கூரை எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிப்பவை. ஷெட்டில் 120 அடியை ஹாலாகவும் 80 அடியைச் சாப்பாட்டுக் கூடமாகவும் பிரித்தால் ஹாலின் கொள்ளளவு சுமார் 4,000 கன மீட்டர் வரும். காலியாக இருக்கும்போது கைதட்டினால் சத்தம் அடங்க ஆறு விநாடி ஆகும். ஆட்களின் உடையும் உடம்பும் ஒலியை உறிஞ்சுவதால் 600 பேர் நிறைந்தால் அது 1.7 விநாடிக்கு இறங்கிவிடும். அதனால் மாலை வரவேற்பில் குறை தெரியாது. விடியற்காலை முகூர்த்தத்துக்கு 150 பேர் இருக்கும்போது மூன்றரை விநாடிக்கு மேல் நிற்கும். தவில் அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஐயர் மைக்கில் சொல்லும் மந்திரம் ஒரு சொல்லும் விளங்காது. ஒலியை உறிஞ்சும் பரப்பு 350 சதுர மீட்டர் சேர்ந்தால் காலி ஹாலிலேயே 1.7-க்கு வந்துவிடும். துளைத் தகடு பேனலைக் கூரைச் சரிவில் பாதிக்குக் குறையாமல் போட்டால் இந்த அளவு கிடைக்கும். ஸ்பீக்கரின் வாட்டைக் கூட்டி எதிரொலியைச் சரிசெய்ய முடியாது. கூட்டக் கூட்டக் குழப்பம்தான் கூடும்.

நார்த் லைட் கண்ணாடியை மூடிவிடாதீர்கள். பகல் முகூர்த்தத்தில் முகத்தில் நிழல் விழாத அந்த வெளிச்சத்தை எந்த விளக்காலும் தர முடியாது. ஒரு திருத்தம் மட்டும் தேவை. இந்தக் கூரை வடிவம் இங்கிலாந்திலிருந்து வந்தது, அங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கில். பல்லடம் இருப்பது 11 பாகை வடக்கில். ஏப்ரல் மூன்றாம் வாரம் தொடங்கி ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போகிறது. வைகாசி, ஆனி முகூர்த்தங்களில் கண்ணாடி வழியே நேர் வெயில் இறங்கும். வெளிப்புறம் செங்குத்துத் தகடுகளோ மங்கல் ஃபிலிமோ போட்டால் தீரும்.

600 பேர் உட்காரும் ஹாலுக்கு ஏசி குறைந்தது 70 டன் தேவைப்படும். அதற்கு முன் உங்கள் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டைப் பாருங்கள். தண்ணீரில் காற்றைக் குளிர்வித்து மேல் டக்ட் வழியே அனுப்பும் அமைப்பு அது. கோவை, பல்லடத்தின் வறண்ட மார்ச், ஏப்ரலுக்கு மிகவும் ஏற்றது. மணிக்கு 80,000 கன மீட்டர் காற்று கொடுத்தால் ஹாலின் காற்று இருபது முறை மாறும். டக்டைச் சுத்தம் செய்து, தொட்டியைப் புதுப்பித்து, நாஸில்களை மாற்றினால் பெரும்பாலும் ஓடும். ஓடும்போது கதவு திறந்திருக்க வேண்டும், ஐப்பசி ஈரத்தில் ஃபேன் மட்டும் போதும். மணமக்கள் அறைகளுக்குத் தனி ஏசி வையுங்கள்.

வெளியேறும் வழியை 600 பேருக்குக் கணக்குப் போடாதீர்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 நாற்காலி போடும் கூடத்துக்கு ஆளுக்கு 0.65 சதுர மீட்டர் என்று எடுக்கிறது. உங்கள் 7,800 சதுர அடி ஹாலுக்கு அது 1,115 பேர். ஆளுக்கு 6.5 மி.மீ. வீதம் ஏழேகால் மீட்டர் கதவகலம் வேண்டும். இரண்டு மீட்டர் அகலத்தில் நான்கு கதவு, இரு நீளச் சுவர்களிலும் பிரித்து, வெளிப்பக்கம் திறப்பதாக வையுங்கள். விசேஷ நேரத்தில் ஒன்றுகூடப் பூட்டியிருக்கக் கூடாது. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபப் பந்தலில் பற்றிய தீயில் மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தெர்மாகோல், கீற்று, நைலான் துணி அலங்காரத்துக்கு வாடகை ஒப்பந்தத்திலேயே தடை எழுதுங்கள். சமையலறையை ஷெட்டுக்கு வெளியே கட்டுங்கள். 19 கிலோ உருளை ஐந்துக்கு மேல் வைத்தால் தனி உரிமம் வாங்க வேண்டும்.

தரையில் இரண்டு சோதனை செய்யுங்கள். ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) நின்ற இடத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். முத்து முத்தாக நின்றால் எண்ணெய் ஊறியிருக்கிறது, அதன்மேல் ஒட்டும் டைல் ஒரே வருடத்தில் கழன்றுவிடும். பாலித்தீன் விரித்து, கம்பி வலையோடு குறைந்தது 50 மி.மீ. கான்கிரீட் போட்டு அதன்மேல் டைல் ஒட்டுங்கள். பிறகு சுத்தியலால் தட்டிக்கொண்டே நடந்து பாருங்கள். சத்தம் பொள்ளென்று கேட்கும் இடத்தில் கீழே ரிட்டர்ன் ஏர் கால்வாய் (காற்று பிளான்டுக்குத் திரும்பும் வழி) ஓடுகிறது. அதன் மூடுபலகையைச் சோதிக்காமல் மேடையோ ஜெனரேட்டரோ ஏற்றக் கூடாது.

கூரை வேலையை ஆவணிக்குள் முடித்து, டைல் ஒட்டாமல் ஐப்பசி, கார்த்திகை மழையை விடுங்கள். கூரையின் இரண்டு பற்களுக்கு நடுவே ஓடும் மழைநீர்க் கட்டரில்தான் (வாய்க்கால்) இந்தக் கூரை ஒழுகும். ஒழுகிய இடத்தைத் தரையில் சுண்ணாம்பால் குறித்து, கட்டரைச் சரிசெய்துவிட்டுத் தை மாதத்தில் தரை வேலையைத் தொடங்குங்கள்.