கண் சிவப்பு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பாலக்கோட்டில் இருக்கிறேன். ஓசூரில் வேலை. நண்பன் படம் வரைய, நாற்பது பக்கத்தில் ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸ் எழுதியிருக்கிறேன். ஊரைக் காப்பாற்ற வீட்டை விட்டுப் போன அப்பா பன்னிரண்டு வருஷம் கழித்துத் திரும்புகிறார். மகன் பேச மறுக்கிறான். கடைசியில் அவனைக் காப்பாற்றப் போய் அப்பா தன் சக்தியை இழக்கிறார், இருவரும் சேர்கிறார்கள். இந்த முடிவு சரியா? ஹீரோவுக்குத் தமிழ்ப் பெயர் எடுபடுமா? முப்பத்தைந்து வயதில் காமிக்ஸா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். மூன்று பக்கங்கள் இணைத்திருக்கிறேன்.

செ., பாலக்கோடு

அன்புள்ள செ.,

வயதுக் கேள்வியை விடுங்கள். 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியபோது படித்த பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். பெயர் தமிழிலேயே இருக்கட்டும்.

ஒன்றில் உங்களைப் பாராட்ட வேண்டும். அப்பாவை உயிரோடு வைத்திருக்கிறீர்கள். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகலின் தந்தை, 1932இல் தன் துணிக்கடையில் திருட்டு நடந்தபோது மாரடைப்பில் இறந்தார். 1938இல் குண்டு துளைக்காத மனிதன் அச்சில் வந்தான். அவனும் பெற்றோரை இழந்தவன், அடுத்த வருஷம் வந்த பேட்மேனும் அப்படித்தான். செத்துப்போன அப்பாவிடம் எவ்வளவு வேண்டுமானாலும் அன்பு காட்டலாம். எதிரே உட்கார்ந்து சோறு தின்கிற அப்பாவோடுதான் பாடு.

அந்த அவஸ்தையை நீங்கள் எழுதவே இல்லை, அதுதான் என் கோபம். பன்னிரண்டு வருஷத்தை இரண்டு பக்கத்தில் பைசல் பண்ணுகிறீர்கள். அடிபட்டு விழுந்த மனிதரைப் பார்த்து எந்தப் பிள்ளையும் அழும். மறுநாள் காலையில் இருவரும் என்ன பேசிக்கொள்வார்கள்? அதை யோசித்தீர்களா? பின்னணியில் எழுபது மாடிக் கட்டடங்கள் வேறு. பாலக்கோட்டுக்காரருக்கு அது எதற்கு?

உங்கள் கடிதம் வந்த வாரம் முழுக்க நான் புறநானூற்றின் 100ஆம் பாட்டிலேயே கிடந்தேன். நம் தகடூர் அதியமான், இன்றைய கணக்கில் தருமபுரிக்காரன், பிறந்த மகனைப் பார்க்க வந்து நிற்கிறான். ஔவையார் பாடுகிறார். கையில் வேல், காலில் கழல், உடம்பில் வியர்வை, கழுத்தில் ஆறாத பச்சைப் புண். ‘செறுவர் நோக்கிய கண் தன் சிறுவனை நோக்கியும் சிவப்பு ஆனாவே’ என்று முடிகிறது. பகைவரைப் பார்த்த கண், பெற்ற பிள்ளையைப் பார்த்த பிறகும் சிவப்பு மாறவில்லை. வீரத்தைப் புகழ்கிற பாட்டுதான். எனக்கு அந்தப் பச்சைப்பிள்ளை பக்கம் போய் நிற்கத்தான் தோன்றுகிறது. முதல் முதலாக அது பார்க்கிற அப்பா முகம் இதுதானே?

என் அப்பா லாரி ஓட்டினார். சீசனுக்குக் கிருஷ்ணகிரி மாங்காய், மற்ற நாளில் ராயக்கோட்டைத் தக்காளி. தக்காளி காத்திருக்காத சரக்கு. விடியுமுன் மார்க்கெட்டில் இறக்கினால்தான் விலை. அதனால் ராத்திரி முழுக்க ஓட்டம். வீட்டுக்கு வரும்போது இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாக இருக்கும். அது கோபம் என்றுதான் பத்து வயதுவரை நம்பியிருந்தேன். லாரிச் சத்தம் கேட்டதும் குதிருக்குப் பின்னால் போய் ஒளிவேன்.

ஒருநாள் தப்ப முடியவில்லை. கையில் மாயாவி புத்தகம். அப்பா ஈரத்துண்டை மடித்துக் கண்மேல் போட்டுக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். “யாருடா அது? என்ன பொஸ்தகம்? கண்ணு எரியுது, நீ படி, கேக்கறேன்” என்றார். துண்டுக்கு மேலே நெற்றி, கீழே மீசை. கண் தெரியவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன், முதல் தடவையாக அவ்வளவு பக்கத்தில். மாயாவி மின்சாரத்தைத் தொடுகிறான், உடம்பு மறைகிறது, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நகர்கிறது. வரி வரியாகப் படித்தேன்.

நடுவில் அப்பா கேட்டார்: “சரி, அவன் எப்ப வூட்டுக்குப் போவான்?”

கடைசிப் பக்கம்வரை தேடிப் பார்த்துவிட்டு, “அவனுக்கு வூடே காட்டலப்பா” என்றேன். அவர் துண்டை எடுக்கவில்லை. கை மட்டும் தடவி வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. டீசல் வாசனை. அப்படியே தூங்கிவிட்டார். நான் வெகுநேரம் காலை அசைக்கவில்லை.

செ., நீங்கள் அனுப்பியதில் மூன்றாவது பக்கத்தில் அப்பா முகமூடியோடு சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். அதைக் கழற்றச் சொல்லுங்கள். கண்ணுக்கு உங்கள் நண்பர் என்ன நிறம் கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி வரைந்து அனுப்புங்கள்.