மின்சாரக் காடியில ஏர்கோன் சூடா அடிக்குதா? கேளுங்க, சொல்றேன்

வணக்கம். சுங்கை சிப்புட்ல காடி ஏர்கோன் வேலைதான் எனக்குச் சோறு போடுது. இப்ப தோட்டத்துப் பிள்ளைங்களும் மின்சாரக் காடி வாங்க ஆரம்பிச்சிட்டாங்க, ரொம்ப சந்தோசம், ஆனா பழைய காடி மாதிரியே நெனச்சு கேஸ் அடிச்சு கெடுத்துக்கிறதப் பாத்தா மனசு கேக்கல. அதான் வந்த கேள்விக்கெல்லாம் ஒண்ணு ஒண்ணா பதில் சொல்றேன்.

அண்ணே, ஓடும்போது ஜில்லுனு இருக்கு, சிக்னல்ல நின்னா சூடாயிடுது. கேஸ் பத்தலையா?

கேஸ்னு உடனே முடிவு பண்ணாதீங்க தம்பி. ஓடும்போது முன்னாடி இருக்கிற கண்டென்சர்ல, அதான் ஏர்கோன் சூட்ட வெளிய விடுற தகட்டுல, காத்து தானா படுது, நின்னா ஃபேன்தான் காத்து இழுக்கணும். ஃபேன் சுத்தலன்னாலும், கண்டென்சர் அடைச்சிருந்தாலும் நீங்க சொல்ற மாதிரிதான் ஆகும். நம்ம பக்கம் செம்பனை லாரி பின்னாடி தினம் போறோம், செம்மண் தூசி அந்தத் தகட்டு இடுக்குல போய் அப்பிக்கும். காடிய ஆஃப் பண்ணிட்டு ரப்பர் குழாயில மெதுவா தண்ணி விட்டுக் கழுவுங்க. வேகமா அடிக்கிற வாட்டர் ஜெட் மட்டும் வேணாம், தகடு மடங்கிடும். அப்புறம் ஏர்கோன் போட்டு ஃபேன் சுத்துதான்னு பாருங்க, கைய உள்ள விடாதீங்க.

பக்கத்து ஒர்க்‌ஷாப்ல கேஸும் எண்ணெயும் ஏத்துனாங்க. ரெண்டு நாள் நல்லாருந்துச்சு, இப்ப வார்னிங் வந்து காடி ஸ்டார்ட்டே ஆகல அங்கிள்.

இதப் படிச்சதும் எனக்கு வயித்தக் கலக்கிடுச்சும்மா. எல்லாரும் இதக் கவனமா கேளுங்க. பெட்ரோல் காடியில கேஸ அழுத்தி ஓட விடுற கம்ப்ரெசர பெல்ட் சுத்துது. மின்சாரக் காடியில பெல்ட்டே கெடையாது, கம்ப்ரெசருக்குள்ளயே மோட்டார் இருக்கு, அது பெரிய பேட்டரியில இருந்து நேரா கரண்ட் வாங்குது, நெறைய காடியில 300, 400 வோல்ட் இருக்கும். அந்த மோட்டார் கம்பி கேஸும் எண்ணெயும் ஓடுற எடத்துலதான் இருக்கு. அதனால எண்ணெய் கரண்ட கடத்தக் கூடாது. பெரும்பாலான மின்சாரக் காடிக்கு பிஓஇ வகை எண்ணெய்தான் குடுத்திருப்பாங்க. சாதாக் காடிக்கு ஊத்துற பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் கரண்ட் கசியாம தடுக்கிற இன்சுலேஷன் கொறஞ்சி, கரண்ட் பாடிக்குக் கசியுதுன்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சு காடியவே பூட்டிடலாம். உங்களுக்கு அதுவாத்தான் இருக்கும்னு எனக்குச் சந்தேகம், ஆனா இன்சுலேஷன் அளந்து பாத்தாத்தான் உறுதி. எண்ணெய் கலந்தது உண்மைன்னா கம்ப்ரெசர் மட்டுமில்ல, வேற பார்ட்டும் மாத்துற அளவுக்குப் போகும், செலவு ஆயிரக்கணக்கான வெள்ளி. என்ன எண்ணெய், எவ்ளோ ஊத்துனாங்கன்னு எழுதி வாங்கிட்டு, ஹை வோல்டேஜ் பயிற்சி எடுத்தவங்க இருக்கிற எடத்துக்கு லாரியில ஏத்தி அனுப்புங்க, திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதீங்க.

இன்னொண்ணு, கேஸ் தானா தீந்து போற பொருள் இல்ல. கொறஞ்சா எங்கயோ ஒழுகுது. ஒழுகுற எடத்துல பல நேரம் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். அத அடைச்சிட்டு, வேக்கம் போட்டு உள்ள இருக்கிற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சிட்டு, பொனெட் அடியில ஸ்டிக்கர்ல எழுதியிருக்கிற கிராம் கணக்குக்கு நிறுத்து ஏத்தணும். கேஸ் ஆர்134ஏ வகையா ஆர்1234ஒய்எஃப் வகையான்னும் அதுலயே போட்டிருக்கும். கையால தொட்டுப் பாத்து "போதும் லா"ன்னு ஏத்துறவங்ககிட்ட விடாதீங்க.

கம்ப்ரெசர் ஓடுதா இல்லையான்னு எப்படித் தெரியும்? "டக்"னு சத்தமே வரல.

வராது. அந்தச் சத்தம் பெட்ரோல் காடி கிளட்சோடது. இதுல மெல்லிசா "உம்ம்"னு ஒரு ரீங்காரம் கேக்கும். அது இல்லன்னா மொதல்ல ஸ்கிரீன்ல ஏ/சி பட்டன் எரியுதா, ஈகோ மோட்ல இருக்கான்னு பாருங்க, வெறும் ஃபேன் மட்டும் ஓடுறத ரிப்பேர்னு கொண்டு வந்தவங்க உண்டு. கேஸ் ரொம்பக் கொறஞ்சாலும் சென்சார் கம்ப்ரெசர ஓட விடாது.

ஃபாஸ்ட் சார்ஜ் போடும்போதும், சிம்பாங் பூலாய் வழியா கேமரன் மலை ஏறும்போதும் குளிர் கொறையுது.

நெறைய காடியில ஒரே கம்ப்ரெசர்தான் உங்களையும் குளிர்விக்குது, பேட்டரியையும் குளிர்விக்குது. பேட்டரி சூடானா அதுக்குத்தான் முதல் பங்கு. சார்ஜ் முடிஞ்சு கொஞ்ச நேரத்துல பழைய குளிர் வந்துட்டா கவலைப்படாதீங்க. வரலன்னா காட்டுங்க.

காத்தே கம்மியா வருது.

உள்ள வர்ற காத்த வடிகட்டுற கேபின் ஃபில்டர் மாத்துங்க.

எலி ஒயர கடிச்சிருச்சு, ஆரஞ்சு கலர் ஒயரு. டேப் சுத்தலாமா?

தொடவே தொடாதீங்க! ஆரஞ்சுன்னா ஹை வோல்டேஜ், உயிர் போயிடும். ஆஃப் பண்ணி சாவிய தள்ளி வச்சிட்டு ஹை வோல்டேஜ் பயிற்சி எடுத்த ஆள வரச் சொல்லுங்க. செம்பனை மரத்தடியில காடி போடுறவங்க, உதிர்ந்த பழத்தத் தின்ன எலி அங்கதான் வரும், வேற எடம் பாருங்க.

அம்மாவ வாரம் 3 தடவ ஈப்போவுக்கு டயாலிசிஸ் கூட்டிட்டுப் போறேன். நடுவழியில சூடா அடிச்சா என்ன செய்ய?

மொதல்ல கண்ணாடிய எறக்கி விடுங்கம்மா, அம்மாவுக்குக் காத்து வரட்டும். நெழலான, ஆபத்தில்லாத எடத்துல நிறுத்தி, ஆஃப் பண்ணி, அம்மாவயும் எறக்கிட்டு, கதவப் பூட்டி சில நிமிசம் விட்டு மறுபடி போடுங்க, சில நேரம் சரியாயிடும். பேட்டரி சூடுன்னு வார்னிங்கும் சேந்து வந்தா ஓட்டாதீங்க, அம்மாவ வேற காடியில ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு அப்புறம் காடியப் பாருங்க. கயிறு கட்டி இழுக்க விடாதீங்க, சக்கரம் சுத்துனா மோட்டாரும் சுத்தி கரண்ட் உண்டாகும். முழுசா லாரி மேல ஏத்தித்தான் கொண்டு வரணும்.