அலைவரிசைகளும் நிருபர்களும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஊடகங்கள் ஒருசில பெருநிறுவனங்களின் கைக்குள் போவதைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அந்தக் கவலை எனக்குச் சற்று மிகையாகத் தோன்றுகிறது. இன்று கைபேசியைத் திறந்தால் நூற்றுக்கணக்கான தளங்களும் அலைவரிசைகளும் இருக்கின்றன; ஒருவர் மறைப்பதை இன்னொருவர் சொல்லிவிடுகிறார். தவிர, முதலாளி சொன்னதற்காக மக்கள் வாக்கை மாற்றிப் போடுவார்கள் என்பது வாக்காளரைக் குறைத்து மதிப்பிடுவதாகாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியில் பெருமளவு நானும் உங்கள் கட்சிதான். அமெரிக்காவில் 1996-ல் தொடங்கப்பட்ட, வலதுசாரிச் சார்புள்ள செய்தி அலைவரிசையான ஃபாக்ஸ் நியூஸ், கேபிள் வழியாகச் சில ஊர்களுக்கு முன்னதாகவும் சில ஊர்களுக்குப் பின்னதாகவும் போய்ச் சேர்ந்தது. அந்த இடைவெளியை வைத்து டெல்லாவிக்னா, கப்லான் என்ற இரு பொருளியலாளர்கள் 2000-ம் ஆண்டு அதிபர் தேர்தலை ஆராய்ந்தபோது, அது கிடைத்த ஊர்களில் குடியரசுக் கட்சியின் வாக்கு 0.4 முதல் 0.7 சதவீதப் புள்ளிகள்தான் கூடியிருந்தது. அந்தத் தேர்தலே ஃப்ளோரிடாவில் 537 வாக்குகளில் முடிவானது என்பதால் இதைப் புறக்கணிக்க முடியாது. ஆனாலும் மிகப் பெரும்பாலோர் அசையவில்லை என்பது உண்மை.

என் கவலை வாக்கை மாற்றுவது பற்றியதல்ல, வாக்களிக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது தெரியாமலே போவது பற்றியது. நூறு தளங்கள் ஒரே செய்தி நிறுவனம் அனுப்பிய நான்கு பத்திகளைத் தலைப்பை மட்டும் மாற்றி வெளியிட்டால் நமக்குக் கிடைப்பது ஒரே செய்திதான். நகர்மன்றக் கூட்டத்தில் கடைசி வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்து, ஒப்பந்தம் யாருக்குப் போனது, ஏன் போனது என்று கேட்கிற ஒருவருக்கு மாதாமாதம் யாரோ சம்பளம் கொடுக்க வேண்டும். ஊர் ஊராகத் தொலைக்காட்சி நிலையங்களை வாங்கிச் சேர்க்கும் நிறுவனத்துக்கு அந்தச் சம்பளம் வீண்செலவு. தலைநகர அரசியலை ஒருமுறை தயாரித்து எல்லா ஊர்களுக்கும் ஒளிபரப்புவதே லாபம். அமெரிக்காவில் பல ஊர்களின் தொலைக்காட்சி நிலையங்களை வைத்திருக்கும் சின்க்ளேர் நிறுவனம் 2017-ல் வாங்கிய நிலையங்களில் உள்ளூர்ச் செய்தி குறைந்து தேசிய அரசியல் கூடியதையும், பார்வை வலதுசாரிப் பக்கம் நகர்ந்ததையும் மார்ட்டின், மக்ரெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். மறு ஆண்டு அந்நிறுவனத்தின் பல ஊர்ச் செய்தி வாசிப்பாளர்கள், பொய்ச் செய்திகளைப் பற்றிய ஒரே எச்சரிக்கையைச் சொல்லுக்குச் சொல் ஒன்றுபோல வாசித்த காணொளித் தொகுப்பை நீங்களும் பார்த்திருக்கலாம். ஒவ்வொருவரும் அந்தந்த ஊர்க்காரர்கள் நம்பும் முகம் என்பதுதான் அதில் உறுத்துவது.

இன்னும் தெளிவான உதாரணம், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கென்டக்கி மாநில எல்லையை ஒட்டியிருக்கும் சின்சினாட்டி நகரில் வந்துகொண்டிருந்த சின்சினாட்டி போஸ்ட் நாளிதழ். 2007 டிசம்பர் 31-ல் அது நின்றபோது ஏறத்தாழ 27,000 பிரதிகளே விற்றுக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய நாளிதழ் ஒன்று ஊரில் தொடர்ந்து வந்தது, இணையமும் இருந்தது. உங்கள் வாதப்படி பெரிய இழப்பு எதுவும் நேர்ந்திருக்கக் கூடாது. ஆனால் போஸ்ட் அதிகம் வாசிக்கப்பட்ட கென்டக்கிப் பக்கத்துப் புறநகர்களில் அடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தல்களில் போட்டியிட்டவர்கள் குறைந்தார்கள், பதவியில் இருப்பவர்களே மீண்டும் வெல்வது கூடியது, வாக்குப்பதிவும் சரிந்தது. தரவு சிறியது, துல்லியம் குறைவு என்று இதை ஆராய்ந்தவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆயினும் காரணத்தை ஊகிப்பது கடினமல்ல: உறுப்பினர் என்ன செய்தார் என்று எழுத ஆளில்லாதபோது, அவரை எதிர்த்து நிற்க நினைப்பவர் எதை முன்வைத்து வாக்குக் கேட்பார்?

ஒரே ஊரில் நாளிதழையும் ஒளிபரப்பு நிலையத்தையும் ஒருவரே வைத்திருப்பதைத் தடுக்க 1975-ல் கொண்டுவந்த விதியை, அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2017-ல் கைவிட்டபோது சொன்ன காரணமும் கிட்டத்தட்ட உங்களுடையதே: இணையம் வந்துவிட்டது, வழிகள் பெருகிவிட்டன. 2021-ல் உச்ச நீதிமன்றமும் அதை அனுமதித்தது. ஊடக நிறுவனங்களின் இணைப்புக்கு அரசு ஒப்புதல் தரும்போது எத்தனை உள்ளூர் நிருபர்கள் நீடிப்பார்கள் என்று எழுதி வாங்குவது, உரிமையாளர் எத்தனை நிலையங்கள் வைத்திருக்கலாம் என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து. ஆனால் ஒப்புதல் தர வேண்டிய அரசே பயனாளியாக இருந்தால் அதற்கும் வழியில்லை. ஹங்கேரியில் 2018-ல் ஆளுங்கட்சிக்கு நெருக்கமான முதலாளிகள் 400-க்கும் மேற்பட்ட ஊடகங்களை ஒரே அறக்கட்டளைக்கு இலவசமாகக் கொடுத்தார்கள்; அரசு உடனே அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததென அறிவித்து, போட்டி ஆணையத்தின் விசாரணையிலிருந்தே விலக்கிவிட்டது.