பனியில் ஓடிய பெண்

வணக்கம் ஐயா,

கிரைம் த்ரில்லர் படங்களில் ‘விண்ட் ரிவர்’ எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்களுக்கு நேரும் கொடுமையைப் பேசுகிறது, பூர்வகுடி நடிகர்களும் இருக்கிறார்கள். ஆனால் கூடப் பார்த்த என் மகள், “இதிலும் துப்புத் துலக்குவது வெள்ளைக்காரர்கள்தானே அம்மா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. எல்லா மக்களுக்கும் ஒரு படத்தில் உரிய இடம் கிடைத்திருக்கிறதா என்று எதை வைத்து எடைபோடுவது?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. ஆனாலும் அந்தப் படத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

டெய்லர் ஷெரிடன் 2017இல் இயக்கிய படம். வயோமிங் மாநிலத்தில் கிழக்கு ஷோஷோனி, வடக்கு அரபஹோ மக்களின் நிலத்தில் நட்டலி என்ற இளம்பெண் வெறுங்காலோடு பனியில் இறந்து கிடக்கிறாள். பூர்வகுடி முகங்களை எண்ணினால் படம் தேறிவிடும். லூசியானாவின் டூனிகா-பிலோக்சி பழங்குடியே இதற்குப் பணம் போட்டிருக்கிறது. நான் பார்ப்பது வேறொன்றை: கதைக்குள் விஷயம் தெரிந்தவர் யார்? பனியில் தடம் பார்த்துச் சொல்கிறவர் வேட்டைக்காரர் கோரி, வெள்ளையர். அந்த மண்ணின் காவல் தலைவர் பென் பெரும்பாலும் கூடவே வருகிறார், கடைசிச் சண்டையில் செத்துப்போகிறார். பழிதீர்ப்பதும் கோரிதான். நட்டலியை உயிரோடு நாம் பார்ப்பது சில நிமிடங்களே.

ஆனால் பென்னின் கையாலாகாத நிலை முழுக்க இயக்குநரின் கற்பனை இல்லை. பூர்வகுடி அல்லாத வெளியார் செய்யும் குற்றத்தைப் பழங்குடி நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013இல் குடும்ப வன்முறைக்கு மட்டும் விலக்கு வந்தது. பாலியல் வன்கொடுமைக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யாருடைய எல்லை இது என்று காவலர்கள் ஒருவர்மேல் ஒருவர் துப்பாக்கி நீட்டுகிறார்களே, அந்தக் காட்சிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. பென்னின் கண் வழியாக இதைச் சொல்லியிருந்தால் எப்பேர்ப்பட்ட படமாகியிருக்கும்! அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

விட்டுக்கொடுக்க மனமில்லை என்றதற்குக் காரணம் நட்டலியின் தந்தை மார்ட்டினாக வரும் கில் பர்மிங்ஹாம். விசாரிக்க வரும் எஃப்.பி.ஐ. (அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை) அதிகாரி ஜேன் கேட்கும் கேள்விகளுக்கு இறுகிய முகத்தோடு இரண்டொரு சொல்லில் பதில் சொல்கிறார். சற்று நேரத்தில் வாசலில் கோரி வந்து நிற்கிறார். கதவைத் திறந்ததும் அந்த முகம் அப்படியே உடைகிறது. அந்நியர் முன்னால் அழாத ஒரு மனிதனின் மானத்தைப் படம் மதித்திருக்கிறது. கடைசியில் அவரே முகத்தில் சாயம் பூசிப் பனியில் உட்கார்ந்திருக்கிறார், சாவுக்கான முகம் என்கிறார். கற்றுத்தர யாரும் மிஞ்சவில்லை, தானாகவே வரைந்துகொண்டதாகச் சொல்கிறார். ஒரு மக்கள்கூட்டம் எதை இழந்தது என்பதை அந்த இரண்டு வாக்கியங்களில் கேட்டுவிட்டேன்.

அதே வீட்டில் இன்னொரு கதவையும் ஜேன் திறக்கிறார். உள்ளே நட்டலியின் தாய் கத்தியால் தன்னைக் கீறிக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறார். ஜேன் பதறிக் கதவைச் சாத்துகிறார். படமும் சாத்திவிடுகிறது. மகளோடு மறுபடி பார்த்தால், அங்கே நிறுத்தி அவளிடம் கேளுங்கள்: இந்தத் தாயைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?